காவிரிப் படுகைப் பள்ளி, கல்லூரி பேண்டுகளுக்கு இசை எழுதப் போகிறவருக்கு: காலண்டர் முதல் கடைசி பில் வரை

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் வட்டாரத்துப் பள்ளி அல்லது பல்கலைக்கழக பேண்டுக்குப் புதிதாக ஒரு படைப்பு எழுதி, நேரில் போய்ப் பயிற்சி கொடுத்து, மேடையேற்றப் போகும் இசையமைப்பாளருக்காக இது. ஸ்கோர் (எல்லாக் கருவிகளின் வரிகளும் சேர்ந்த முழு இசைத்தாள்) எழுதுவது உங்களுக்குத் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறோம். காரியத்தைக் கெடுப்பவை வேறு: வராத அனுமதிக் கடிதம், முகூர்த்த நாள், பட்டியலில் இருந்தும் ஊதாத கருவிகள், நிதியாண்டு முடியும் மார்ச் 31. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி உண்டு. பேண்டை நேரில் கேட்காமல் ஒரு சுரமும் எழுதாதீர்கள். கீழே உள்ள பாதிச் சிக்கல்கள் இந்த விதியை மீறுவதால் வருபவைதான்.

1. தேதி குறிக்க காலண்டரோடு பஞ்சாங்கமும் வேண்டும்

பள்ளிகள் ஜூனில் திறக்கும். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு, டிசம்பரில் அரையாண்டு, மார்ச்சில் பொதுத்தேர்வு. அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. நாகை, மயிலாடுதுறை, திருவாரூர் மாவட்டங்களில் ஆட்சியர் விடியற்காலையில் மழை விடுமுறை அறிவித்தால் அன்றைய பயிற்சி போச்சு. இவற்றைக் கழித்தால் மிஞ்சுவது இரண்டே காலம்: ஜூன் கடைசி முதல் ஆகஸ்ட் முடிய, பொங்கல் கழிந்து பிப்ரவரி பாதி வரை.

மேடையேறும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். முதல் பயணம் 12 வாரம் முன்பு. பார்ட்டுகள் (ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி இசைத்தாள்) கையில் சேர வேண்டியது 6 வாரம் முன்பு. இரண்டாம் பயணம் 3 வாரம் முன்பு. கடைசியாக, நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்னால் போய் அங்கேயே தங்குவது. இந்தக் கணக்கில் ஜனவரி 26-ஐக் குறிவைத்தால் முதல் பயணம் நவம்பரில் விழும், மழை விடாது. செப்டம்பரிலேயே போய் வந்துவிடுங்கள். ஆகஸ்ட் 15-க்குப் புதுப் படைப்பு கேட்டால் இன்னும் சிக்கல்: 12 வாரம் முன்பு என்பது மே மாதம், பள்ளியே மூடியிருக்கும். மார்ச்சுக்குள் போய்ப் பார்க்கலாம், ஆனால் அன்று அருமையாக ட்ரம்பெட் ஊதிய பிளஸ் டூ மாணவர் ஜூனில் அங்கே இருக்க மாட்டார். ஒவ்வொரு மாணவரின் பெயரோடும் வகுப்பையும் குறித்துக்கொள்வது இதற்குத்தான்.

பஞ்சாங்கம் எதற்கு என்றால், பள்ளி பேண்டு மாஸ்டர்களில் பலர் கல்யாண ஊர்வலத்திலும் கோயில், தேவாலய விழாக்களிலும் வாசிப்பவர்கள். நல்ல முகூர்த்த நாளில் அவர் வரமாட்டார், வரச் சொல்வதும் நியாயமில்லை. ஆடியில் கல்யாணம் குறைவு, மாஸ்டர் கிடைப்பார். மார்கழியிலும் கல்யாணம் இல்லை, ஆனால் தேவாலய பேண்டுக்காரர்களுக்கு அது கிறிஸ்துமஸ் காலம். அவர்களுக்கு ஓய்வு தவக்காலத்தில்.

ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. நாகை பக்கம் அறையும் கிடைக்காது, பாதயாத்திரைக் கூட்டத்தில் சாலையும் நகராது. மார்கழிக் கடைசியிலோ தையிலோ திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை நடக்கும் நாட்களில் தஞ்சாவூர் விடுதிகள் நிறைந்துவிடும். 2028-ல் கும்பகோணத்தில் மகாமகம்; அந்த மாசியில் கும்பகோணத்தை மையமாக வைத்து எதையும் திட்டமிட வேண்டாம்.

2. அனுமதி: யாரிடம், எந்தத் தாளில்

தனியார் பள்ளி என்றால் தாளாளர். தலைமையாசிரியர் "தாராளமா வாங்க" என்று சொல்வதோடு நிறுத்திவிடாதீர்கள், பணத்தில் கையெழுத்துப் போடுகிறவர் தாளாளர்தான். மறைமாவட்டப் பள்ளிகளில் அவர் பெரும்பாலும் பங்குத்தந்தையாகவோ அருட்சகோதரியாகவோ இருப்பார், மாற்றலும் ஆவார். போனவர் சொன்ன வாய்வார்த்தை வந்தவரைக் கட்டுப்படுத்தாது. அரசுப் பள்ளி என்றால் தலைமையாசிரியர் வழியாக முதன்மைக் கல்வி அலுவலருக்கு விண்ணப்பம் போக வேண்டும். இதற்குக் குறைந்தது ஒரு மாதம் ஒதுக்குங்கள். அரசுப் பள்ளியில் மாணவரிடமிருந்து ஒரு ரூபாய்கூட வசூலிக்கும் ஏற்பாடு கூடாது. கடிதத்திலேயே அதை எழுதிவிடுங்கள்.

பல்கலைக்கழகங்களில் பொதுவான தடுமாற்றம், பேண்டு எந்தத் துறையின் கீழ் இருக்கிறது என்பதே தெரியாமல் கடிதம் எழுதுவது. இசைத்துறை இருந்தாலும் பேண்டு அதன் கையில் இருக்கும் என்று சொல்ல முடியாது. என்சிசி அலுவலர், உடற்கல்வி இயக்குநர், மாணவர் நலன் புலத்தலைவர், இந்த மூவரில் ஒருவரிடம் இருக்கும். முதலில் தொலைபேசியில் கேட்டு, பேண்டுக்குப் பொறுப்பானவர் பெயரைத் தெரிந்துகொண்டு, அவர் வழியாகப் பதிவாளருக்கு எழுதுங்கள்.

படைப்பில் நாதஸ்வரமும் தவிலும் சேர்க்க ஆசை இருந்தால் திருவையாறு அரசு இசைக் கல்லூரியிலும், திருவாரூர், சீர்காழி மாவட்ட அரசு இசைப்பள்ளிகளிலும் மாணவர்கள் இருக்கிறார்கள். அங்கே அனுமதி கலை பண்பாட்டுத் துறை வழியாக வரும், பள்ளிக் கல்வித்துறைக் கடிதம் செல்லாது. இரண்டு விண்ணப்பங்களையும் ஒரே வாரத்தில் கொடுத்துவிடுங்கள்.

கடிதம் ஒரு பக்கம் போதும். தேதிகள், நேரம், எத்தனை மாணவர், எந்த அறை, பயிற்சி முழுக்க ஓர் ஆசிரியர் உடன் இருப்பார் என்ற உறுதி, படம் எடுப்பது பற்றி ஒரு வரி. இரண்டு பிரதி கொடுத்து ஒன்றில் "பெறப்பட்டது" முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். மாணவர்களின் கைப்பேசி எண்ணை நீங்கள் வாங்கவே வேண்டாம். ஒலிப்பதிவு அனுப்புவதானாலும் மாஸ்டருக்கோ ஆசிரியருக்கோ அனுப்புங்கள். படம், வீடியோவுக்குப் பெற்றோர் கையெழுத்திட்ட ஒப்புதல் தேவை. அதைப் பள்ளியே வாங்கித் தரட்டும்.

சிங்கப்பூர், மலேசியா, இலங்கையிலிருந்து வருகிறவர்கள் கவனிக்க: சுற்றுலா விசாவில் வந்து சம்பளத்துக்கு வேலை செய்ய முடியாது. அழைப்புக் கடிதம் வாங்கி, அதற்குரிய விசா எதுவென்று தூதரகத்தில் கேட்டுவிட்டு டிக்கெட் போடுங்கள். வெளிநாட்டு பாஸ்போர்ட்டில் தங்கினால் விடுதியோ விருந்தினர் இல்லமோ 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிய வேண்டும். சின்ன விடுதிகள் சில இந்த வேலைக்குப் பயந்தே அறை தர மறுக்கும், முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

3. முதல் பயணம்: ஊதிப் பார்த்து எண்ணுங்கள்

பள்ளி அனுப்பும் கருவிப் பட்டியல் என்பது இருப்புப் பதிவேட்டிலிருந்து எடுத்தது. "கிளாரினெட் 6" என்று அதில் இருந்தால், அலமாரியில் ஆறு பெட்டி இருக்கிறது என்று பொருள். அதில் நாலில் ரீடு இருக்காது, ஒன்றில் மவுத்பீஸே இருக்காது. ஒவ்வொரு கருவியையும் அதை வாசிக்கிற மாணவரையே ஊதச் சொல்லிக் கேளுங்கள். இதற்கு முழுதாக இரண்டு மணி நேரம் வேண்டும். பார்க்க வேண்டியவை:

கிளாரினெட் எந்த முறை? வலது சுண்டுவிரலுக்கு நாலு சாவி இருந்தால் போயம் முறை, இரண்டு மட்டும் இருந்தால் பழைய ஆல்பர்ட் முறை. நம் பக்கத்தில் இரண்டும் ஒரே பேண்டில் கலந்திருக்கும். விரல் வைப்பு மாறும் என்பதால் ஒரே விரல் அட்டவணையை எல்லோருக்கும் கொடுத்தால் பாதிப் பேர் தவறாக ஊதுவார்கள்.

பழைய பித்தளைக் கருவியிலோ கிளாரினெட்டிலோ எச்.பி. என்று பொறித்திருக்கிறதா? அது பழைய ஹை பிட்ச் கருவி. ஏ சுரம் 440 ஹெர்ட்ஸுக்குப் பதில் 452 பக்கம் நிற்கும், அதாவது ஏறக்குறைய கால் சுரம் கூடுதல். ஸ்லைடை இழுத்துச் சரிசெய்யலாம் என்று யாராவது சொல்வார்கள். முழுதாகச் சரியாகாது, கருவிக்குள்ளேயே சுரங்களுக்கிடையிலான இடைவெளி கலையும். அந்தக் கருவியைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள்.

என்சிசி பேண்டில் பியூகிள் இருந்தால் விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் பி ஃபிளாட் பியூகிள். வால்வு கிடையாது, எளிதாக வரும் சுரம் ஐந்துதான்: ச, ப, மேல் ச, மேல் க, மேல் ப. படைப்பு பி ஃபிளாட்டில் இருந்தால் இந்த ஐந்தையும் வைத்து ஒரு கம்பீரமான முழக்கம் எழுதலாம். ஆறாவது சுரம் எழுதினால் பையன்கள் திணறுவார்கள்.

மூங்கில் புல்லாங்குழல்களை ஒவ்வொன்றாக ஊதிப் பாருங்கள், ஒரே டஜனில் மூன்று வேறு கட்டை (சுருதி) இருக்கும். பெல் லைரையும் (சுத்தியால் தட்டும் உலோகப் பட்டைக் கருவி) மெலோடிக்காவையும் (ஊதி வாசிக்கும் சின்ன கீபோர்டு) டியூனரில் வைத்துப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இவை இரண்டும் சுருதி மாற்ற முடியாதவை என்பதால் குழு முழுவதும் இவற்றுக்குத்தான் வளைய வேண்டும். வெயிலையும் கணக்கில் சேருங்கள். வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் காற்றுப் பத்தியின் சுருதி 3 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) அளவுக்கு ஏறும். காலை 8 மணிக்கு மரத்தடியில் சேர்ந்த சுருதி 11 மணிக்குச் சேராது, பெல் லைர் மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கும்.

கடைசியாக, யார் எதைப் படிக்கிறார்கள் என்று கேளுங்கள். ஸ்டாஃப் நொட்டேஷன் படிப்பவர், தேவாலயப் பாடகர் குழுவில் பழகி டோ ரே மி படிப்பவர், ச ரி க ம எழுதி வைத்து வாசிப்பவர், எதுவுமே படிக்காமல் மாஸ்டர் ஊதுவதைக் கேட்டு அப்படியே ஊதுபவர் என நாலு வகையும் ஒரே வரிசையில் நிற்பார்கள். கடைசி வகையைக் குறைத்து எடைபோட வேண்டாம். குழுவிலேயே சுருதி சுத்தம் அங்கேதான் இருக்கும்.

4. எழுதும்போது: கட்டைக் கணக்கு

மாஸ்டர் சுருதியைச் சொல்வது கட்டையில், நீங்கள் எழுதுவது கீயில். ஒப்பந்தம் இங்கேதான் முறியும். 1 கட்டை என்றால் சி, 2 டி, 2½ ஈ ஃபிளாட், 3 ஈ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 6½ பி ஃபிளாட். காற்றுக்கருவிக் குழுவுக்கு வாகானவை 6½-யும் 2½-யும். ஸ்கோரின் முதல் பக்கத்திலேயே "ச = 6½ கட்டை" என்று பெரிதாக எழுதுங்கள். பி ஃபிளாட் ட்ரம்பெட்காரர் தன் தாளில் அதை சி என்று படிப்பார், ஆல்டோ சாக்ஸ்காரர் ஜி என்று படிப்பார், புல்லாங்குழல்காரர் பி ஃபிளாட் என்றே படிப்பார். "ச எங்கே?" என்ற கேள்விக்கு மூன்று பேரும் மூன்று பதில் சொல்வார்கள், மூன்றும் சரி. இதை விளக்கப் பயிற்சி நேரத்தில் அரை மணி செலவழிக்காமல் இருக்க ஒவ்வொரு பார்ட்டின் தலைப்பிலும் அந்தக் கருவியின் ச எது என்று அச்சிட்டுவிடுங்கள்.

நாதஸ்வரம் சேர்த்தால் 2½ கட்டை நாயனம் கேளுங்கள். ச, ஈ ஃபிளாட் ஆகும். ஆல்டோ சாக்ஸுக்கு சி மேஜர், ட்ரம்பெட்டுக்கும் கிளாரினெட்டுக்கும் எஃப் மேஜர், பிள்ளைகள் சமாளிப்பார்கள். 2 கட்டை நாயனம் வந்துவிட்டால் ட்ரம்பெட்டுக்கு நாலு ஷார்ப், ஆல்டோவுக்கு ஐந்து ஷார்ப், அன்றோடு முடிந்தது. நாதஸ்வர வித்வானிடம் டியூனரைக் காட்டி அதிகாரம் செய்யாமல், பெல் லைரில் ச-வைத் தட்டிக் காட்டுங்கள். சீவாளியையும் (ஊதும் நாணல்) கெண்டையையும் (சீவாளி செருகும் உலோகத் துண்டு) மாற்றி அவரே கொண்டுவந்து சேர்ப்பார். தவிலும் நாயனமும் பேண்டுக்கு முன்னால் அமர்ந்தால் பின்னால் இருப்பவர்களுக்குத் தாங்கள் ஊதுவதே கேட்காது. பக்கவாட்டில் தள்ளி அமர்த்துங்கள்.

ராகத் தேர்வில் மோகனமும் ஹம்சத்வனியும் தொடக்கக் குழுவுக்கு உகந்தவை. பி ஃபிளாட்டில் ஒரு விபத்துக்குறிகூட (சுரத்தை அரைப்படி ஏற்றி இறக்கும் தனிக்குறி) வராது. சரளி வரிசை பழகிய பிள்ளைகள்தானே என்று மாயாமாளவகௌளையைத் தொடாதீர்கள். தொண்டையில் எளிதாக வரும் சுத்த ரிஷபமும் சுத்த தைவதமும் முதலாண்டு ட்ரம்பெட்டுக்கும் கிளாரினெட்டுக்கும் புது விரல், புது உதடு. கமகத்தை (சுரத்தை அசைத்தும் வழுக்கியும் வாசிப்பதை) எல்லாக் கருவிக்கும் எழுத வேண்டாம். டிராம்போனில் ஸ்லைடு இருக்கிறது, கிளாரினெட்டில் விரலை மெல்ல நகர்த்தலாம், ஆல்டோ சாக்ஸும் ஒத்துழைக்கும். வால்வு கருவிகளுக்கு நேர் சுரமே கொடுங்கள்.

எல்லை: முதலாண்டு ட்ரம்பெட்டுக்கு எழுத்தில் நடு சி முதல் மேல் சி வரை. இரண்டாண்டு ஊதியவருக்கு ஈ வரை போகலாம். முதலாண்டு கிளாரினெட்டை ஏ-யிலிருந்து மேல் பி-க்குத் தாண்டும் அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். புல்லாங்குழலின் கீழ் ஸ்தாயி மைதானத்தில் கேட்கவே கேட்காது. யூபோனியத்துக்கு ட்ரெபிள் கிளெஃப் ஒன்று, பேஸ் கிளெஃப் ஒன்று என இரண்டு பார்ட் தயார் செய்யுங்கள். பிரிட்டிஷ் பேண்டு வழியில் பழகியவர் முதலதைத்தான் படிப்பார். ஓபோ, பசூன் இருக்கும் என்று நம்பி எதையும் எழுதாதீர்கள், பிரெஞ்சு ஹார்ன் வரியை ஆல்டோ சாக்ஸிலும் சின்ன எழுத்தில் போட்டு வையுங்கள்.

நம் பரிந்துரை ஐந்து குரல் எழுத்து. மேல் வரி, இரண்டாம் வரி, நடு, டெனார், அடி என்று ஐந்து. ஒவ்வொன்றையும் சி, பி ஃபிளாட், ஈ ஃபிளாட் கருவிகள் மூன்றுக்கும் தயார் செய்துவிட்டால் அன்று யார் வந்தாலும் வராவிட்டாலும் படைப்பு நிற்கும். அடி வரிக்கு டியூபா இல்லையென்றால் யூபோனியமும் டெனார் சாக்ஸும் தாங்கும்.

தாளத்தில் தாராளமாக இருக்கலாம். 7/8 என்று பலகையில் எழுதினால் முகம் சுளிக்கும் பிள்ளைகள் "தகிட தகதிமி" என்று இரண்டு முறை சொல்லிவிட்டு ஊதிவிடுவார்கள். ஆனால் அணிவகுப்பில் வாசிப்பதென்றால் நடை 2/4 அல்லது 6/8 மட்டும், வேகம் நிமிடத்துக்கு 120 அடி. இடது கால் எப்போதும் முதல் அடியில் விழ வேண்டும்.

தமிழ்த்தாய் வாழ்த்தையும் தேசிய கீதத்தையும் அழகுபடுத்தித் தரச் சொல்லிக் கேட்பார்கள். தேசிய கீதத்தில் கை வைக்க வேண்டாம். 52 விநாடி, வழக்கமான பேண்டு வடிவம், அவ்வளவுதான். தமிழ்த்தாய் வாழ்த்து 2021 டிசம்பர் அரசாணைப்படி மாநிலப் பாடல். மோகனத்தில், மும்மை நடையில், 55 விநாடியில் பாடப்பட வேண்டியது. மாணவர்கள் பாட, பேண்டு சுருதி தாங்கினால் போதும்.

5. பார்ட் அச்சடித்தல்

32 பேர் குழு, ஆளுக்கு 2 பக்கம் என்றால் 64 பக்கம். தொலைந்துபோவதற்கென்று இன்னொரு செட் 64. ஸ்கோர் 16. ஒரு படைப்புக்கு ஏறக்குறைய 150 பக்கம். பக்கம் 2 ரூபாய் என்றாலும் 300 ரூபாய்தான். மிச்சம் பிடிக்க முன்பின் அச்சடிக்காதீர்கள், ஊதிக்கொண்டே தாள் திருப்ப முடியாது. இரண்டு தாளையும் டேப்பால் ஒட்டி விரித்து வைக்கும்படி செய்யுங்கள்.

வரிக்கோட்டின் கீழே ச ரி க ம எழுத்துகளையும், மேல் ஸ்தாயிக்கு மேலே புள்ளி, மந்திரத்துக்குக் கீழே புள்ளி வைத்துச் சேருங்கள். பிடிஎஃப் எடுக்கும்போது எழுத்துருவை உள்ளேயே பதிந்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஜெராக்ஸ் கடைக் கணினியில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வரும். கடைக்காரரிடம் "அளவைச் சுருக்காதீங்க" என்று சொல்லவும் மறக்க வேண்டாம்.

பார்ட்டோடு மாஸ்டருக்கு மெதுவான வேகத்தில் ஒவ்வொரு வரியாகப் பதிந்த ஒலிப்பதிவை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். முதலில் அவர் கையில் படைப்பு படிய வேண்டும். அவரைத் தாண்டிக்கொண்டு நேரே பிள்ளைகளிடம் போகிறவரின் இசை, அவர் ஊருக்குத் திரும்பிய மறுநாளே அலமாரிக்குள் போய்விடும்.

6. ஒப்பந்தமும் பணமும்

கேட்கும் தொகையை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்: படைப்புக்கு, பயிற்சி நாளுக்கு, பயணம்–தங்கல்–அச்சுக்கு. ஒரே தொகையாகச் சொன்னால் பேரம் பேசும்போது முதலில் வெட்டுப்படுவது படைப்புக்கான கூலிதான். கையெழுத்தானதும் 40 சதவீதம், ஸ்கோர் கொடுத்ததும் 40, நிகழ்ச்சி முடிந்து 20 என்பது இரு தரப்புக்கும் பொருந்தும் பிரிப்பு. பணம் எங்கிருந்து வருகிறது என்றும் கேளுங்கள். பெற்றோர் ஆசிரியர் கழகம், முன்னாள் மாணவர் சங்கம் போன்றவை என்றால் தொகை சேரத் தாமதமாகும், அச்சுச் செலவையாவது முன்பணமாக வாங்கிவிடுங்கள்.

பதிப்புரிமையை எழுத்தில் வையுங்கள். உரிமையை மாற்றித் தருவதாக எழுதிக் காலம் குறிப்பிடாவிட்டால் சட்டப்படி 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா என்று கொள்ளப்படும். உரிமையை விற்கத் தேவையே இல்லை. "இந்தப் பள்ளி பேண்டு வாசிக்க அனுமதி, உரிமை எழுதியவருக்கே" என்ற ஒரு வரி போதும். மாணவரும் ஆசிரியரும் பெற்றோரும் மட்டும் இருக்கும் பள்ளி நிகழ்ச்சியில் மாணவர்கள் வாசித்தால் ராயல்டி எதிர்பார்க்க முடியாது, சட்டமே விலக்குத் தருகிறது. எனவே வர வேண்டியதை எழுத்துக்கூலியாகவே வாங்கிவிடுங்கள்.

"கடைசியில ஒரு சினிமா பாட்டும் போட்டுக் குடுங்க சார்" என்று கட்டாயம் கேட்பார்கள். வேறொருவர் மெட்டை உங்கள் பெயரில் ஏற்பாடு செய்து அச்சிட உரிமையாளர் அனுமதி வேண்டும். வீடியோவாக ஏற்றினால் மறுநாளே உரிமைக் கோரிக்கை வரும். இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது.

வரி: தொழில்முறைக் கட்டணத்தில் 10 சதவீதம் டிடிஎஸ் (பணம் தரும்போதே கழிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள், 2025 ஏப்ரல் முதல் ஒரே நிறுவனம் ஆண்டுக்கு 50,000 ரூபாய்க்கு மேல் தந்தால்தான் இது. பான் எண் கொடுக்காவிட்டால் பிடித்தம் 20 சதவீதம். பல்கலைக்கழகக் கணக்குப் பிரிவுக்குத் தேவைப்படுபவை: பான் கார்டு நகல், ஆதார் நகல், வங்கிப் புத்தக முதல் பக்கம், அழைப்புக் கடிதம், உங்கள் பில், 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் 1 ரூபாய் வருவாய் வில்லை ஒட்டிக் கையெழுத்திட்ட ரசீது, பயணச் சீட்டுகளின் அசல். டவுன் பஸ் டிக்கெட்டைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள்.

7. பயணம், தங்கல்

சென்னையிலிருந்து உழவன் எக்ஸ்பிரஸ் இரவில் தஞ்சாவூருக்கு, மன்னை எக்ஸ்பிரஸ் மன்னார்குடிக்கு, சோழன் எக்ஸ்பிரஸ் பகலில் மயிலாடுதுறை, கும்பகோணம் வழியாக. முன்பதிவு 60 நாள் முன்பே திறக்கும். ஸ்லீப்பரில் 40 கிலோ, மூன்றடுக்கு ஏசியில் 40, இரண்டடுக்கில் 50 கிலோ வரை சாமான் இலவசம். சாக்ஸபோன், ஸ்டாண்டு வரை பிரச்சினையில்லை. பேஸ் டிரம் கொண்டுபோகாதீர்கள், அது எல்லாப் பள்ளியிலும் இருக்கும்.

திருவையாறு, வல்லம், ஒரத்தநாடு என்றால் தஞ்சாவூரில் தங்குங்கள். பாபநாசம், ஆடுதுறை பக்கம் என்றால் கும்பகோணம். நீலக்குடி மத்தியப் பல்கலைக்கழகம், நாகை என்றால் திருவாரூர். ஒரே நாளில் தஞ்சாவூரில் ஒரு பள்ளி, நாகையில் ஒரு பள்ளி என்று போட்டால் இரண்டாவது பள்ளியில் பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகுதான் சேருவீர்கள். வாடகைக் காருக்கு உள்ளூரில் 8 மணி நேரம், 80 கிலோமீட்டர் கணக்கு. வெளியூருக்கு நாளொன்றுக்குக் குறைந்தபட்சம் 250 கிலோமீட்டர், ஓட்டுநர் பேட்டா தனி. ஜிஎஸ்டி எண் உள்ள பில் கேளுங்கள், வெள்ளைத்தாள் பில்லைப் பல்கலைக்கழகம் ஏற்காது.

8. பையில்

வால்வு எண்ணெய், கார்க் கிரீஸ், ஸ்லைடு கிரீஸ், கிளாரினெட்டுக்கும் ஆல்டோவுக்கும் 2½ எண் ரீடு பத்து பத்து, சின்ன ஸ்க்ரூடிரைவர், ரப்பர் பேண்டு, தளர்ந்த இணைப்புக்கு பிளம்பர் டெஃப்லான் டேப், பென்சில் இரண்டு டஜன், துணி கிளிப் ஒரு பெரிய பாக்கெட். கிளிப் எதற்கென்று ஆடிக் காற்றில் மரத்தடிப் பயிற்சி நடத்தும்போது தெரியும்.

வால்வுக்குத் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. மார்கழிக் காலையில் அது உறைந்து வால்வு மேலே வராது. அப்படிப்பட்ட கருவியை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டுப் புது எண்ணெய் விடுங்கள். எபோனைட் மவுத்பீஸைச் சுடுநீரில் போடக் கூடாது, நிறம் மங்கி உருவம் கெடும். நாகை, வேளாங்கண்ணி போன்ற கடலோரப் பள்ளிகளில் உப்புக் காற்றில் பித்தளை பச்சை பூத்து ஸ்லைடு இறுகிப்போயிருக்கும். பலமாக இழுத்தால் குழாய் வளையும். கிரீஸ் தடவி ஓரிரவு விட்டுவிட்டு மறுநாள் பாருங்கள்.

9. பயிற்சி நாள்

பள்ளியில் கிடைக்கும் நேரம் காலை இறைவணக்கத்துக்கு முன் 40 நிமிடம், பி.டி. வகுப்பு, மாலை 4 மணிக்கு மேல். மாலை நேரத்தை நம்பாதீர்கள். கிராமத்துப் பிள்ளைகள் ஊருக்குப் போகும் டவுன் பஸ் எத்தனை மணிக்கோ அத்தனை மணிக்குப் பயிற்சி முடிந்துவிடும். பஸ் நேரத்தை முதல் பயணத்திலேயே கேட்டு எழுதிவையுங்கள். விடுதி உள்ள கல்லூரியில் மட்டும் இரவு 8 வரை ஓட்டலாம்.

கரண்ட் இல்லாமலும் நடக்கும்படி திட்டமிடுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பெரும்பாலும் காலை 9 முதல் மாலை வரை இருக்கும். முதல் நாள் செய்தித்தாளில் எந்தத் துணைமின் நிலையம் என்று போடுவார்கள். மடிக்கணினி, ஸ்பீக்கர் இரண்டையும் இரவே சார்ஜ் ஏற்றுங்கள்.

சாப்பிட்ட உடனே ஊதச் சொல்லாதீர்கள். கடலைமிட்டாய் தின்ற வாயோடு ஊதினால் சர்க்கரை ரீடிலும் வால்விலும் ஒட்டும். வாய் கொப்பளித்த பிறகே கருவியைத் தொட வேண்டும். மவுத்பீஸ் பகிர்வதாக இருந்தால் ஒவ்வொரு கை மாறும்போதும் கழுவ வேண்டும். 45 நிமிடத்துக்கு மேல் பித்தளைக் கருவிக்காரர்களின் உதடு தாங்காது. அந்த நேரத்தில் அவர்களைத் தாளம் போடச் சொல்லிவிட்டு மரக்காற்றுக் கருவிகளைக் கவனியுங்கள்.

கான்கிரீட் அரங்குகளில் எதிரொலி அதிகம். வேகமான பகுதி குழம்பினால் பிள்ளைகளைத் திட்டுவதற்கு முன் ஒரு முறை வெளியே அழைத்துவந்து வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். அங்கே தெளிவாக வந்தால் சிக்கல் அரங்கில்தான். வேகத்தைக் குறையுங்கள், அல்லது சைடு டிரம்மை மெத்தென்ற துணி போட்டு அடக்குங்கள்.

10. நிகழ்ச்சியும் கடைசி பில்லும்

மேடையில் சிறப்பு விருந்தினர் தாமதமாக வருவார், பேண்டு ஒரு மணி நேரம் வெயிலில் நிற்கும். கருவிகளை நிழலில் வைத்துவிட்டு, விருந்தினர் கார் வாசலில் நுழைந்ததும் எடுக்கச் சொல்லுங்கள். அறிவிப்பாளர் கையில் படைப்பின் பெயர், உங்கள் பெயர், மாஸ்டர் பெயர் மூன்றையும் தமிழில் எழுதிக் கொடுங்கள். மாஸ்டர் பெயர் விட்டுப்போனால் அடுத்த ஆண்டு அந்தப் பள்ளியில் உங்களுக்கு வேலை இல்லை.

கிளம்பும் முன் முழு செட் பார்ட்டையும் ஸ்கோரையும் உறையில் போட்டு நூலகத்தில் பதிவுசெய்து வையுங்கள். பில்லை அன்றே கொடுங்கள். பிப்ரவரி நிகழ்ச்சிக்கு மார்ச் முதல் வாரத்துக்குள் பில் போகாவிட்டால் நிதியாண்டு முடிந்து, ஒதுக்கிய தொகை திரும்பிப் போய்விடும். புது ஆண்டில் மறுபடி அனுமதியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை பிடித்த டிடிஎஸ்ஸுக்கான சான்றிதழ் ஜூன் 15-க்குள் வர வேண்டும். வராவிட்டால் கணக்குப் பிரிவுக்கு ஒரு போன் போடுங்கள், பெரும்பாலும் பான் எண்ணில் ஒரு எழுத்து மாறியிருக்கும்.